பறவை பார்க்க மலிவான ஸ்கோப்பும் ட்ரைபாடும்: பினாங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்டர்வொர்த்துக்கு வடக்கே தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோலா மூடா வரை நீளும் சேற்றுக்கரைக்கு ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை வடக்கிலிருந்து கரைப்பறவைகள் வருகின்றன. பைனாகுலரோடு போனவர்களில் பலர் "தூரத்தில் ஏதோ பழுப்பாக நின்றது" என்று திரும்பி வந்து, அடுத்த வாரமே ஸ்கோப் (ட்ரைபாட் என்னும் முக்காலியில் நிறுத்தி ஒற்றைக் கண்ணால் பார்க்கும் தொலைநோக்கி; முழுப்பெயர் ஸ்பாட்டிங் ஸ்கோப்) வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். இந்தப் பக்கம் அவர்களுக்காக. கையில் இருக்கும் பணத்தை எதில் போடுவது, எதில் போடக்கூடாது என்பதுதான் இதில் பெரும்பகுதி.

எனக்கு ஸ்கோப் தேவையா, பைனாகுலர் போதாதா?

எங்கே பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கொடிமலையிலோ தண்ணீர்மலைப் பக்கத்துத் தாவரவியல் பூங்காவிலோ மரத்துக்கு மரம் தாவும் பறவைகளுக்கு ஸ்கோப் உதவாது. நீங்கள் குறிவைப்பதற்குள் பறவை போய்விடும். அங்கே 8×42 பைனாகுலர்தான் சரி. ஏற்கெனவே பைனாகுலர் இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள். ஸ்கோப் இரண்டாவதாக வாங்க வேண்டிய பொருள்.

சேற்றுக்கரை, வயல்வெளி, கடல் என்று வெட்டவெளியாக இருந்தால் கதை வேறு. 400 மீட்டர் தள்ளி நிற்கும் உள்ளான் கூட்டத்தை 8 மடங்கில் பார்த்தால் 50 மீட்டரில் நிற்பது போலத் தெரியும். இரண்டு சாண் நீளப் பறவையின் அலகு நேரா, மேல்நோக்கி லேசாக வளைந்ததா என்று அந்தத் தொலைவில் சொல்ல முடியாது. 25 மடங்கில் அதே பறவை 16 மீட்டருக்கு வந்துவிடுகிறது. கருவால் மூக்கனின் நேரான அலகும் பட்டைவால் மூக்கனின் மேல்வளைந்த அலகும் அங்கேதான் பிரிந்து தெரியும்.

20-60×65 என்று எழுதியிருக்கிறதே, அதற்கு என்ன பொருள்?

20 முதல் 60 மடங்கு வரை பெரிதாக்கும், முன்வில்லையின் விட்டம் 65 மி.மீ. என்று பொருள். இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முன்வில்லையின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் கண்வில்லையிலிருந்து வெளிவரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 65-ஐ 20-ஆல் வகுத்தால் 3.25 மி.மீ. பகலில் நம் கண்மணி ஏறக்குறைய 2 முதல் 3 மி.மீ. தான் திறந்திருக்கும் என்பதால் படம் வெளிச்சமாக, சொகுசாகத் தெரியும். அதே ஸ்கோப்பை 60-க்குத் திருப்பினால் ஒளிவட்டம் 1.08 மி.மீ. ஆகச் சுருங்கிவிடும். படம் மங்கும். கண்ணை அணுவளவு நகர்த்தினாலும் கறுப்பு நிழல் வந்து மறைக்கும்.

ஆகவே பெட்டியில் 60 என்று போட்டிருந்தாலும் நம் கரையில் நீங்கள் உண்மையில் பயன்படுத்தப்போவது 20 முதல் 35 வரைதான். அந்த எல்லைக்குள் கூர்மையாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 60 மடங்கில் எப்படி இருக்கிறது என்பது இரண்டாம் பட்சம்.

ஷாப்பியில் "10-300×40" என்று நூறு வெள்ளிக்கும் (ரிங்கிட்டுக்கும்) குறைவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். மேலே சொன்ன கணக்கையே போடுங்கள். 40-ஐ 300-ஆல் வகுத்தால் 0.13 மி.மீ. ஊசி முனையளவு ஒளி. அதில் பறவை தெரியாது, மங்கலான சாம்பல் நிறம்தான் தெரியும். உண்மையில் அந்தக் குழாய்கள் 300 மடங்கு பெரிதாக்குவதும் இல்லை, எண் மட்டும்தான் பெரிது. பகல் நேரத்தில் ஒரு ஸ்கோப் நேர்மையாகத் தாங்கும் உச்ச மடங்கு, ஏறத்தாழ அதன் முன்வில்லை விட்டத்தின் மி.மீ. அளவு. 60 மி.மீ. என்றால் 60 மடங்கு. அதைவிட மிகக் கூடுதலாக யாராவது எழுதியிருந்தால் மற்ற விவரங்களையும் நம்ப வேண்டாம்.

முன்வில்லை மாணிக்கச் சிவப்பாகப் பளபளத்தாலும் தள்ளி வையுங்கள். நல்ல பூச்சு மெல்லிய பச்சையாகவோ ஊதாவாகவோதான் மினுங்கும், பெரும்பாலான ஒளியை உள்ளே விட்டுவிடும். சிவப்புக் கண்ணாடி ஒளியைத் திருப்பி அடித்து நிறத்தையும் கெடுக்கும்.

ரைஃபிள் ஸ்கோப் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. அதையே ட்ரைபாடில் பொருத்திப் பார்க்கலாமா?

இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது, குறிப்பாக வெளிநாட்டு வீடியோக்கள் பார்ப்பவர்களிடமிருந்து. பொருந்தாது. பரவலாகக் கிடைக்கும் 3-9×40 ரைஃபிள் ஸ்கோப்பின் உச்சம் 9 மடங்குதான். உங்கள் பைனாகுலரே அதற்குச் சமம், அதுவும் இரண்டு கண்ணாலும் பார்க்கலாம். சுடும்போது பின்னுதைப்பில் கண்ணில் இடிக்காமல் இருக்க ரைஃபிள் ஸ்கோப்பில் கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடையே 75 முதல் 100 மி.மீ. இடைவெளி வைத்துச் செய்வார்கள். ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் அது 15 முதல் 20 மி.மீ. தான், கண்ணை அருகில் வைத்து அகலமான காட்சியைப் பார்க்கலாம். மேலும் ரைஃபிள் ஸ்கோப்பைப் பிடிக்க 25.4 அல்லது 30 மி.மீ. வளையம் வேண்டும். ட்ரைபாட் திருகு அதில் ஏறாது.

நம் நாட்டில் இன்னொன்றும் உண்டு. 1960 ஆயுதச் சட்டத்தின்படி காற்றுத் துப்பாக்கியும் ஆயுதம்தான், உரிமம் இல்லாமல் வைத்திருக்க முடியாது. துப்பாக்கிக்குரிய பொருள் போலத் தோன்றும் எதையும் பொழுதுபோக்குக்காக வரவழைத்துவிட்டுச் சுங்கத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் பறவை பார்ப்பவருக்கு இல்லை.

மறுபக்கம், கிளப்பில் உறுப்பினராக இருந்து இலக்குச் சுடுபவர்களுக்கு ஸ்பாட்டிங் ஸ்கோப் நன்றாகவே பயன்படும். .22 குண்டு போடும் துளையின் அகலம் ஏறக்குறைய 5.6 மி.மீ. 50 மீட்டரில் இருக்கும் அட்டையை 20 மடங்கில் பார்த்தால் இரண்டரை மீட்டரில் வைத்துப் பார்ப்பது போல இருக்கும், துளை தெளிவாகத் தெரியும். அதற்கு 50 அல்லது 60 மி.மீ. ஸ்கோப்பே தாராளம்.

வளைந்த கண்வில்லையா, நேரானதா?

வளைந்தது, அதாவது கண்வில்லை 45 பாகை மேல்நோக்கி இருப்பது. ட்ரைபாடை நெஞ்சுயரத்துக்கு வைத்தாலே போதும் என்பதால் கால்களை முழுக்க நீட்ட வேண்டியதில்லை, ஆட்டமும் குறையும். உயரமான அப்பாவும் பத்து வயது மகளும் மாறி மாறிப் பார்க்கலாம், ஒவ்வொரு முறையும் உயரத்தை மாற்ற வேண்டாம். நேரான ஸ்கோப்பில் குறிவைப்பது தொடக்கத்தில் எளிது, காரின் கண்ணாடியில் மாட்டிப் பார்ப்பவர்களுக்கும் அதுதான் வசதி. மற்றவர்கள் வளைந்ததையே வாங்குங்கள்.

வளைந்ததில் பறவையைக் கண்டுபிடிக்க ஒரு பழக்கம் வேண்டும். முதலில் 20 மடங்குக்கு வாருங்கள். பறவை நிற்கும் இடத்துக்கு அருகே ஒரு கம்பம், படகு, பட்ட மரம் என்று ஏதாவது அடையாளத்தைப் பிடியுங்கள். ஸ்கோப்பின் உடலோடு ஒட்டிப் பார்த்து அந்தத் திசைக்குத் திருப்புங்கள். அடையாளம் கண்ணில் பட்டதும் மெல்லப் பறவைக்கு நகருங்கள், பிறகுதான் மடங்கைக் கூட்டுங்கள். சில பேர் ஸ்கோப்பின் மேல் ஒரு கேபிள் டையைச் சுற்றி அதன் வாலைக் குறிமுள்ளாக நிமிர்த்தி வைத்துக்கொள்கிறார்கள். பத்துக் காசுச் செலவில் நல்ல ஏற்பாடு.

எந்த அளவு முன்வில்லை எடுப்பது?

பைக்கில் போகிறவர், படகு ஏறுகிறவர், தனியாக நடக்கிறவர் என்றால் 50 முதல் 65 மி.மீ. காரிலிருந்து இறங்கி நூறு மீட்டர் நடந்து நிற்பவர் என்றால் 80 எடுக்கலாம். 80 மி.மீ. ஸ்கோப் பெரும்பாலும் ஒன்றரைக் கிலோவைச் சுற்றி இருக்கும். அதைத் தாங்கும் ட்ரைபாடும் கனமாகத்தான் இருக்கும். இரண்டையும் சேர்த்துத் தோளில் போட்டால் நாலரைக் கிலோவுக்கு வந்துவிடும். முதல் மாதம் ஆசையில் தூக்குவீர்கள், மூன்றாம் மாதம் அது அலமாரியில் இருக்கும்.

நம் கரையில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. அந்திக்குப் பிறகு பார்ப்பதும் அரிது. அதனால் மலிவு விலையில் 80-ஐவிட, அதே பணத்தில் கொஞ்சம் நல்ல கண்ணாடியுள்ள 65 மேல்.

ஈ.டி. கண்ணாடி, பேக்-4 ப்ரிஸம் என்றெல்லாம் சொல்கிறார்கள். காசு கூடக் கொடுக்கத் தகுமா?

வெள்ளைக் கொக்கை வெயிலில் பாருங்கள். சாதாரணக் கண்ணாடியில் கொக்கின் கழுத்தோரத்தில் ஒரு பக்கம் ஊதாவும் மறுபக்கம் பச்சையுமாகக் கோடு தெரியும். வெவ்வேறு நிற ஒளிகளைக் கண்ணாடி ஒரே இடத்தில் குவிக்காததால் வரும் கோளாறு அது. 20 மடங்கில் பெரிதாகத் தொந்தரவு செய்யாது, 40-ஐத் தாண்டும்போது சிறகின் நுண்ணிய கோடுகளை அழித்துவிடும். ஈ.டி. கண்ணாடி அதைக் குறைக்கும். ஆக 30 மடங்குக்குள் பார்ப்பவர் ஈ.டி. இல்லாமலும் காலம் தள்ளலாம். அலகின் அடியில் மஞ்சள் இருக்கிறதா, கால் எந்த நிறம் என்றெல்லாம் பார்த்து அருகிவரும் நோர்ட்மன் பச்சைக்காலியைச் சாதாரணப் பச்சைக்காலியிலிருந்து பிரிக்க நினைப்பவருக்கு ஈ.டி. தகும்.

பேக்-4 ப்ரிஸம், அதாவது உள்ளே படத்தை நிமிர்த்தும் பட்டகத்தின் நல்ல வகை, இன்று மலிவு ஸ்கோப்பிலும் வந்துவிட்டது. அதற்கென்று தனியாக விலை கொடுக்க வேண்டாம். நீர்புகாத, நைட்ரஜன் அடைத்த உடல் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். காரணம் கீழே பூஞ்சை பற்றிய பதிலில்.

குறிப்பிட்ட மாடல்கள்?

சில நூறு வெள்ளியில் தொடங்கப் பலர் வாங்குவது ஸ்வ்போனி எஸ்வி28. ஈ.டி. இல்லை. 20 முதல் 30 வரை நன்றாக இருக்கும், அதற்கு மேல் படத்தின் கூர்மை குறைந்துவிடும். அந்த விலைக்கு அது நியாயமே. அதே நிறுவனத்தின் எஸ்வி406பி, 20-60×80 ஈ.டி., ஒரு படி மேல். செலஸ்ட்ரான் அல்டிமா 80 பழைய, நம்பகமான பெயர். கனம் மட்டும் கவனிக்க வேண்டும். வோர்டெக்ஸ் டயமண்ட்பேக் எச்டி 16-48×65 தொடக்க மடங்கே 16 என்பதால் காட்சி அகலம், பறவையைத் தேடுவது சுலபம்.

கோவா டிஎஸ்என்-501 தனியாகச் சொல்லத் தகுந்தது. 20-40×50, எடை ஏறக்குறைய 400 கிராம்தான், கண்வில்லை வளைந்தது. விலை ஆயிரத்தைத் தாண்டும், முன்வில்லையும் சிறிது. "இவ்வளவு கொடுத்து இவ்வளவு சின்னதா" என்று கடையில் தோன்றும். ஆனால் இலேசான ட்ரைபாடில் நிற்கும் என்பதால் மொத்தச் செலவும் மொத்த எடையும் இறங்கிவிடும். பேருந்திலும் ஃபெர்ரியிலும் போய் வருபவருக்கு இதைத்தான் சொல்வோம்.

என்னிடம் மொத்தம் ஆயிரம் வெள்ளி. எப்படிப் பிரிப்பது?

அறுநூறு ஸ்கோப்புக்கு, நானூறு ட்ரைபாடுக்கும் அதன் மேல் ஸ்கோப்பைத் தாங்கித் திருப்பும் ஹெட்டுக்கும். இதைக் கேட்டதும் பெரும்பாலானோர் தொள்ளாயிரத்துக்கு ஸ்கோப் வாங்கிவிட்டு, வீட்டில் கிடக்கும் கைப்பேசி ட்ரைபாடில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் அடுத்த பதிலைப் படியுங்கள்.

ட்ரைபாடுக்கு ஏன் அவ்வளவு பணம்?

கணக்காகவே பார்க்கலாம். ஹெட்டுக்கும் கண்வில்லைக்கும் இடையே 20 செ.மீ. என்று வையுங்கள். கண்வில்லை வெறும் 1 மி.மீ. அசைந்தால் 400 மீட்டர் தொலைவில் காட்சி 2 மீட்டர் நகரும். 60 மடங்கில் அந்தத் தொலைவில் உங்களுக்குத் தெரியும் வட்டத்தின் அகலமே 7 மீட்டர் சுற்றித்தான். ஆக உங்கள் இமை பட்டாலே பறவை வட்டத்தின் கால்வாசிக்கு மேல் குதிக்கிறது. கடற்காற்று இருந்தால் அந்த ஆட்டம் நிற்கவே நிற்காது. ஐயாயிரம் வெள்ளிக் கண்ணாடியும் அங்கே நூறு வெள்ளிக் கண்ணாடி ஆகிவிடும். ஆடாத காலில் நிற்கும் எளிய 65 மி.மீ., ஆடும் காலில் நிற்கும் விலையுயர்ந்த 80-ஐவிடக் கூடுதலான இறகுகளைக் காட்டும்.

கடையில் சோதிக்க ஒரு வழி. ஸ்கோப்பை ட்ரைபாடில் பொருத்தி, வெளியே தூரத்தில் ஒரு பெயர்ப்பலகையை 40 மடங்கில் பிடியுங்கள். கண்வில்லையின் பக்கத்தை விரல் நுனியால் ஒருமுறை தட்டுங்கள். எழுத்து ஆடி நிற்க எத்தனை விநாடி? ஒரு விநாடிக்குள் நின்றால் நல்லது. மூன்றைத் தாண்டினால் அந்த ட்ரைபாட் வேண்டாம்.

எதைப் பார்த்து ட்ரைபாட் எடுப்பது?

கால் மூன்று துண்டாக மடங்குவது நான்கு துண்டைவிட உறுதி. ஒவ்வொரு துண்டுக்கும் குழாய் மெலிந்துகொண்டே போகும், கடைசித் துண்டு விரல் பருமனுக்குக் கீழே இருந்தால் அங்கேதான் அதிர்வு பிறக்கிறது. அட்டையில் எழுதியிருக்கும் தாங்கும் எடை உங்கள் ஸ்கோப், ஹெட் இரண்டின் எடையைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். நடுத்தண்டை உயர்த்தாமலேயே கண்வில்லை உங்கள் கண்ணுக்கு வர வேண்டும். நடுத்தண்டை உயர்த்தினால் மூன்று காலில் நிற்பது ஒரு காலில் நிற்பதாகிவிடும்.

அலுமினியம் போதும். கார்பன் இலேசு, அதிர்வும் சீக்கிரம் அடங்கும், ஆனால் மலிவு விலைக் கார்பனைவிடத் தடித்த அலுமினியம் நல்லது. நடுத்தண்டின் அடியில் கொக்கி இருந்தால் பையை அதில் மாட்டுங்கள். பை காற்றில் ஊசலாடக்கூடாது, தரையை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும்படி தொங்கவிட வேண்டும்.

பால் ஹெட் இருக்கிறது, போதுமா?

போதாது. பால் ஹெட் ஓர் உருண்டையின் மேல் எல்லாப் பக்கமும் சுழல்வது. அதன் பிடியைத் தளர்த்தியதும் ஸ்கோப் முன்பக்கமாகவோ பக்கவாட்டிலோ குப்புற விழும். ஒரு பறவையைத் தொடர்ந்து பார்க்க இடவலமும் மேல்கீழும் தனித்தனியாக, எண்ணெயில் நகர்வது போல நகர வேண்டும். அதற்குத்தான் கைப்பிடியுள்ள ஃப்ளூயிட் ஹெட். வீடியோ எடுப்பவர்களுக்கான சிறிய ஃப்ளூயிட் ஹெட்டையே கேளுங்கள். வாங்கும்போது பிடியை இறுக்கிவிட்டுக் கையை எடுங்கள். ஸ்கோப் ஒரு மயிரிழை கீழே இறங்கி நின்றால் அது தொய்வு. மலிவு ஹெட்களில் மிகப் பரவலான குறை இது. ஒவ்வொரு முறையும் பறவைக்குச் சற்று மேலே பிடித்து விடவேண்டியிருக்கும், சலித்துவிடும்.

பொருத்தும்போது என்ன கவனிக்க வேண்டும்?

ஸ்கோப்பின் அடிப்பாதத்தில் கால் அங்குலத் திருகுத் துளை இருக்கும். ஹெட்டையும் கால்களையும் இணைப்பது பெரும்பாலும் 3/8 அங்குலம். சின்னத் திருகுக்கான பித்தளை மாற்று வளையம் ஒன்று கேமரா கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும், ஒன்று பையில் இருக்கட்டும்.

ஹெட்டில் செருகும் தகடான பிளேட்டை ஸ்கோப்பின் அடிப்பாதத்தில் மாட்டிக் கையால் இறுக்கிய பின், ஒரு நாணயத்தால் இன்னும் கால் சுற்று. அதற்கு மேல் முறுக்கினால் அலுமினியத் திருகுவழி தேய்ந்துவிடும். பிளேட்டில் திருகுக்கு முன்னால் சிறு முனை ஒன்று துருத்திக்கொண்டிருந்தால், அது ஸ்கோப் பாதத்தின் சிறு துளைக்குள் உட்கார வேண்டும். அது இல்லாவிட்டால் நீங்கள் திருப்பத் திருப்ப ஸ்கோப் பிளேட்டின் மேல் தனியாகச் சுழன்று தளரும். அந்தத் துளை இல்லாத ஸ்கோப்புக்குக் கார்க் அல்லது ரப்பர் பரப்புள்ள பிளேட்டைத் தேடுங்கள்.

அடுத்தது சமநிலை. நீளமான பிளேட் என்றால் ஹெட்டின் பிடியைத் தளர்த்திவிட்டு, ஸ்கோப் முன்னும் பின்னும் சாயாமல் தானாக நிற்கும் இடம் வரை நகர்த்தி, அங்கே இறுக்குங்கள். அந்த இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்தால் அடுத்த முறை தேட வேண்டாம். ஆர்க்கா வகைப் பிளேட் பல நிறுவனங்களிலும் கிடைப்பதால் தொலைந்தாலும் மாற்று எளிது. ஒரு நிறுவனத்துக்கே உரிய பிளேட் என்றால் வாங்கும் அன்றே உபரி ஒன்று வாங்கிவிடுங்கள்.

கடையில் ஸ்கோப்பை எப்படிச் சோதிப்பது?

காலையில் போங்கள். கடைக்காரர் சம்மதித்தால் வெளியே கொண்டுவந்து அரைக் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் ஏதாவது ஒன்றைப் பாருங்கள். ஜார்ஜ்டவுன் என்றால் கொம்தாரின் உச்சி, கடற்கரையோரம் என்றால் எதிரே பட்டர்வொர்த் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள். கடைக்குள் ஆறடியில் இருக்கும் அட்டைப்பெட்டியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

ஃபோக்கஸ் சக்கரத்தை மெல்லத் திருப்பிக் கூர்மைக்கு வாருங்கள், அதைத் தாண்டிப் போங்கள், மறுபடி திரும்புங்கள். கூர்மை ஒரே புள்ளியில் 'டக்' என்று வந்து நிற்க வேண்டும். "இங்கேயா, இன்னும் கொஞ்சம் திருப்பவா" என்று கை தேடிக்கொண்டே இருந்தால் கண்ணாடி சரியில்லை. பிறகு 20-லிருந்து 60 வரை திருப்புங்கள். படம் சற்று மங்கலாம், ஆனால் ஃபோக்கஸ் முழுதாக ஓடிப்போகக்கூடாது. நடுவில் இருப்பதை ஓரத்துக்கு நகர்த்திப் பாருங்கள். ஓரத்தில் கூர்மை கொஞ்சம் குறைவது மலிவு விலையில் இயல்பு, ஒரு பக்கம் மட்டும் மங்கினால் வில்லை சாய்ந்திருக்கிறது. அதே மாடலில் இன்னொன்றைக் கேளுங்கள். மலிவு வகையில் ஒன்றுக்கொன்று தர வேறுபாடு அதிகம், இரண்டு மூன்றைப் பார்த்து நல்லதை எடுப்பது தப்பே இல்லை.

மூக்குக்கண்ணாடி போடுபவர் கண்வில்லையின் ரப்பரைக் கீழே இறக்கிவிட்டு முழு வட்டமும் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணுக்கும் கண்வில்லைக்கும் இடையே கிடைக்கும் இடைவெளி 15 மி.மீ.-க்குக் கீழ் என்றால் உங்களுக்குச் சாவித் துளை வழியாகப் பார்ப்பது போலத்தான் இருக்கும்.

எந்த நிலையிலும் சூரியன் பக்கம் திருப்பாதீர்கள். ஒரு நொடியில் பார்வை போய்விடும்.

இணையத்தில் வாங்கினால்?

திருப்பி அனுப்பும் கால அவகாசத்தைப் பார்த்து, பெட்டி வந்த அன்றே மேலே சொன்ன சோதனையைச் செய்யுங்கள். 2024 ஜனவரி 1 முதல் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட இறக்குமதிப் பொருளுக்கும் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. வெளிநாட்டு விற்பனையாளரின் விலையை ஒப்பிடும்போது அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழையது வாங்கலாமா?

நல்ல யோசனை, பூஞ்சை இல்லையென்றால். முன்வில்லையின் மூடியைத் திறந்து, கண்வில்லைப் பக்கத்திலிருந்து கைப்பேசி டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். பிறகு முன்னிருந்து அடித்துப் பின்னால் பாருங்கள். சிலந்தி வலை போல அல்லது வேர் போல மெல்லிய கிளைகள் தெரிந்தால் பூஞ்சை. நாலைந்து தூசிப் புள்ளிகள் இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது. முன்வில்லையில் மெல்லிய கீறல்கூடப் பெரிய கேடு செய்யாது. பூஞ்சை அப்படியல்ல, பூச்சையே அரித்துவிடும், துடைத்தாலும் தழும்பு போகாது.

இங்கே பூஞ்சை வராமல் எப்படிக் காப்பது?

பினாங்குக் காற்றின் ஈரப்பதத்தில் கண்ணாடியைத் துணிப்பைக்குள் போட்டு அலமாரியில் வைப்பதுதான் பூஞ்சைக்கு விருந்து. மின்சார உலர்பெட்டி இருந்தால் 40 முதல் 50 விழுக்காட்டில் வையுங்கள். இல்லையென்றால் ரப்பர் விளிம்புள்ள பிளாஸ்டிக் டப்பா, நிறம் மாறும் சிலிக்கா ஜெல், பத்து வெள்ளி ஈரமானி ஒன்று. ஜெல் நிறம் மாறியதும் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். ஈரமானி இல்லாமல் ஜெல்லை மட்டும் போட்டுவிட்டு மறந்துவிடுவதால்தான் பல ஸ்கோப்புகள் கெடுகின்றன. டப்பாவுக்குள் ஜெல் இருக்கும், ஈரமும் இருக்கும்.

குளிர்சாதன அறையிலோ காரிலோ இருந்து நேராக வெளியே எடுத்தால் வில்லை முழுக்கப் பனிக்கும். துடைக்காதீர்கள், பைக்குள்ளேயே அரை மணி நேரம் வெளியில் வைத்திருந்து பிறகு திறங்கள். கரையிலிருந்து திரும்பியதும் ஸ்கோப்பின் உடலை ஈரத்துணியால் துடைத்து உப்பை எடுத்துவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகே பெட்டிக்குள்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. கொசு விரட்டியில் உள்ள டீட் பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் கரைக்கும். தெலுக் ஆயர் தாவாரில் கொசுவும் அகாஸ் என்னும் பொடிப் பூச்சியும் கடிக்கும், தடவாமல் முடியாது. தடவிய உள்ளங்கையைத் துடைத்துவிட்டு ஃபோக்கஸ் சக்கரத்தைத் தொடுங்கள். இல்லாவிட்டால் சில மாதங்களில் ரப்பர் பிசுபிசுத்து விரல் ரேகை பதியும்.

வில்லையைத் துடைப்பது எப்படி?

முதலில் ரப்பர் ஊதியால் மணலை ஊதி எடுங்கள், பிறகு தூரிகை, கடைசியாக வில்லைத் திரவம் தொட்ட மைக்ரோஃபைபர் துணி. சட்டை நுனி வேண்டாம், மணல் துகள் பூச்சைக் கிழிக்கும்.

ட்ரைபாட் கால் இறுகிக்கொண்டது, மணல் அரைபடும் சத்தம் கேட்கிறது.

சேற்றில் கடைசித் துண்டை முழுக்க நீட்டாமல் நிறுத்தியதுதான் காரணம். உப்புநீரும் மணலும் பூட்டுக்குள் ஏறிவிட்டன. ஒவ்வொரு பூட்டையும் முழுக்கக் கழற்றி, துண்டுகளைத் தனித்தனியாக எடுத்து நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்துப் பிறகு மாட்டுங்கள். கழற்றும்போது உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தகடுகள் எந்தப் பக்கம் இருந்தன என்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிப் போட்டால் கால் பூட்டாது. இனிமேல் சேற்றில் நிற்கும்போது மேல் துண்டுகளை மடக்கி, கடைசித் துண்டை முழுக்க நீட்டி வையுங்கள். அதிர்வு சற்றுக் கூடும், ஆனால் பூட்டு சேற்றுக்கு மேலே இருக்கும்.

கைப்பேசியால் படம் எடுக்க முடியுமா?

முடியும். கண்வில்லையின் வெளிவிட்டத்தை அளந்து, அதற்கேற்ற தாங்கி வாங்குங்கள். மடங்கு 20-லேயே இருக்கட்டும். கைப்பேசியில் சற்றே பெரிதாக்கினால் ஓரத்துக் கறுப்பு வட்டம் போய்விடும். 2 விநாடி டைமர் போட்டுக் கையை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் திரையைத் தொட்ட அதிர்வே படத்தில் இருக்கும். கைப்பேசியின் எடையால் ஸ்கோப் பின்பக்கம் சாயும், பிளேட்டைச் சற்று நகர்த்திச் சமன் செய்யுங்கள்.

நல்ல ஸ்கோப்தான், ஆனால் பத்து மணிக்கு மேல் எல்லாம் நீரில் ஆடுவது போலத் தெரிகிறது. பழுதா?

பழுதில்லை, கானல். வெயில் ஏறியதும் சேற்றுக்கு மேல் உள்ள காற்று சூடாகி அலையும். அந்த அலையையும் ஸ்கோப் சேர்த்தே பெரிதாக்குகிறது. எவ்வளவு விலை கொடுத்தாலும் இதற்குக் கண்ணாடியில் மருந்து இல்லை. மடங்கை 20-க்கு இறக்குங்கள், அல்லது பறவை அருகில் வரும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

அதற்கு வழி உண்டு. தெலுக் ஆயர் தாவார் கரை மேற்கே பார்த்தது. காலையில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், பறவையின் மேல் முழு வெளிச்சம் விழும். மாலையில் எல்லாம் கறுத்த நிழலாகிவிடும். கடல் ஏறும்போது சேறு சுருங்கி, பறவைகள் உங்களை நோக்கித் தள்ளப்பட்டு வரும். ஆகவே காலை ஒன்பது மணியளவில் நீர் முழுக்க ஏறும் நாளைப் பார்த்து, அதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் போய் நில்லுங்கள். பினாங்கில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். நேரம் கைப்பேசியிலேயே கிடைக்கும். போன இடத்தில் அசையாமல் நின்றால் 400 மீட்டரில் இருந்த கூட்டம் 80 மீட்டருக்கு வரும். நீங்கள் அவற்றை நோக்கி நடந்தால் எழும்பிவிடும். சைபீரியா வரை திரும்பிப் பறக்கச் சேர்த்துவைக்கும் கொழுப்பை ஒவ்வொரு எழும்பலிலும் அவை செலவழிக்கின்றன, அதனால் அவை வரட்டும் என்று நில்லுங்கள்.